மகளுக்கு, எல்க் வேட்டைக்கான ரைஃபிளைப் பற்றி

சான் அன்டோனியோ

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். கொலராடோவில் இந்த இலையுதிர்காலத்து எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்கு உனக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்றும், அதற்கென்று ஒரு ரைஃபிள் வாங்கப் போகிறாய் என்றும் நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். துப்பாக்கியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அத்தனை இறைச்சியையும் கெடாமல் மலையிலிருந்து எப்படி இறக்குவாய் என்றுதான் கேட்டாள். நல்ல கேள்விதான், அதைப் பிறகு தனியாக எழுதுகிறேன். கடைக்காரர் 7 எம்.எம். பி.ஆர்.சி.யைக் காட்டுகிறார், உன்னோடு வேலை செய்பவர்கள் .300 வின்செஸ்டர் மேக்னமுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்கிறார்கள், எண்ணூறு கெஜத்தில் எல்க் விழுவதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறாய், ஆகவே எதை வாங்குவது என்று கேட்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உனக்கு 6.5 பி.ஆர்.சி. போதும், உன் எல்லை நானூறு கெஜம். (இவையெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்; அவற்றைச் சுடும் ரைஃபிளையும் அதே பெயரால்தான் சொல்கிறோம்.) ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைத்தான் இனி விரிவாக எழுதப் போகிறேன்.

இங்கே டெக்சாஸின் ஹில் கன்ட்ரியில் நீ புள்ளிமான் சுட்ட .243 ரைஃபிளையே எடுத்துப் போகலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்மை. கொலராடோ சட்டம் எல்க்குக்கு .24 அங்குலத்துக்குக் குறையாத குழல் விட்டமும், 85 கிரெயினுக்கு (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) குறையாத குண்டும், நூறு கெஜத்தில் குறைந்தது 1000 அடி-பவுண்டு (ஒரு பவுண்டை ஓர் அடி தூக்கும் ஆற்றல் ஓர் அடி-பவுண்டு) ஆற்றலும் கேட்கிறது, உன் .243 இம்மூன்றையும் தாண்டிவிடும். ஆனால் சட்டம் விதிப்பது கீழ்வரம்பு மட்டுமே. 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று காடெங்கும் பெருகிக் கிடக்கும் நம் ஊர்ப் புள்ளிமானுக்கு நூறு கெஜத்தில் போதுமானதாக இருக்கும் ஒரு தோட்டாவை, 500 பவுண்டு எடையுள்ள பெண் எல்க்கின்மேலோ 700 பவுண்டு எடையுள்ள ஆண் எல்க்கின்மேலோ, அது சற்றுச் சாய்வாக நின்று தோள் எலும்பை முன்னே காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம்பிச் சுட முடியாது. எனவே புதிய ரைஃபிள் வாங்குவது சரியே.

இப்போது கடைக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். 2022-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 7 எம்.எம். பி.ஆர்.சி. நன்றாக யோசித்து வடிவமைக்கப்பட்ட தோட்டா என்பதில் எனக்கு ஐயமில்லை. 1962-இல் வந்த பழைய 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னத்தின் அடிப்பகுதியில் ஒரு வளையம் உண்டு. நூறாண்டுக்கும் முந்தைய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாக்களிடமிருந்து வந்த மிச்சம் அது. அதோடு அக்கால ரைஃபிள்களின் குழல் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம், இன்றைய நீண்ட கனமான குண்டுகளைச் சீராகச் சுழற்றுவதற்குப் பற்றாது. புதிய தோட்டா வளையத்தை விட்டுவிட்டு, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கையே தொடக்கத்திலிருந்து வைத்துக்கொண்டது. 175 கிரெயின் குண்டு நொடிக்கு 3000 அடி வேகத்தில் கிளம்பும். தாளில் இதை மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் தாளில் இல்லாத ஒன்று, சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைப்பதைத் தாங்கும் உன் தோள். எட்டு பவுண்டு ரைஃபிளில், அதே குழல் அளவில் சற்று மெதுவான 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் உதை ஏறக்குறைய 13 அடி-பவுண்டு, 6.5 பி.ஆர்.சி.யின் உதை 18 அல்லது 19, 7 எம்.எம். பி.ஆர்.சி.யின் உதை 27-ஐத் தொடும்; .300 வின்செஸ்டர் மேக்னமும் அதே கூட்டத்தில்தான் சேரும். இருபத்தேழு என்பதை ஆண்மைக்கான சோதனையாகப் பேசுபவர்களை நம் பயிற்சித் திடலில் நீயே பார்த்திருக்கிறாய். அவர்களின் இலக்குத் தாளை அருகில் போய்ப் பார்த்தால், முதல் இரண்டு துளைகள் நெருக்கமாகவும் அடுத்தவை இடதும் கீழுமாகச் சிதறியும் இருக்கும். விசையை இழுக்கும் கணத்தில் கண்ணிமை மூடி, வலத் தோள் முன்னே துள்ளுவதன் அடையாளம் அது. வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் இடையில் நுழைத்துப் பார், உதையே இல்லாதபோதும் குழல்முனை ஒரு விரல் அளவு தாழ்ந்து எழுவது கண்ணுக்கே தெரியும். பழக்கத்தால் இதை ஓரளவு அடக்கலாம், ஆனால் பழக வேண்டுமானால் நிறையச் சுட வேண்டும். உதைக்கு அஞ்சுகிறவர்கள் நிறையச் சுடுவதில்லை.

இந்த உதையை விலையாகக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்நூறு கெஜத்தில், குறுக்கே மணிக்குப் பத்து மைல் வேகத்தில் காற்றடித்தால், 143 கிரெயின் குண்டைக் கிரீட்மோரில் சுடும்போது அது ஏறக்குறைய 14 அங்குலம் விலகுகிறது. அதே குண்டு 6.5 பி.ஆர்.சி.யில் 13 அங்குலம். 175 கிரெயின் குண்டு 7 எம்.எம். பி.ஆர்.சி.யில் 11 அங்குலம். இவை கடல்மட்டத்துக்கான கணக்குகள். பத்தாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எல்லாமே சற்றுக் குறையும். ஆக, கிரீட்மோரின் உதையை இரண்டு மடங்காக்கி நாம் பெற்றது மூன்று அங்குலம். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நீ படுத்திருக்க, அந்தப் பக்கச் சரிவில் எல்க் மேய, நடுவில் காற்று மேலேறுகிறதா குறுக்கே ஓடுகிறதா என்று புல்லையும் ஆஸ்பன் மரத்து இலைகளையும் பார்த்து ஊகிக்கும்போது, மணிக்கு ஐந்து மைல் தவறாகக் கணிப்பது அனுபவசாலிகளுக்கும் நடப்பதுதான். அந்த ஒரு தவறு கிரீட்மோரில் ஏழு அங்குலம் என்றால், 7 எம்.எம். பி.ஆர்.சி.யில் ஐந்தரை அங்குலம். தோட்டாவை மாற்றி ஒன்றரை அங்குலம் மிச்சப்படுத்துவதைவிட, நூறு கெஜம் நெருங்கிப் போவது எவ்வளவோ மிச்சப்படுத்தும்.

அப்படியானால் கிரீட்மோரே போதாதா என்று கேட்பாய். போதும் என்று சொல்பவர்கள் பலர் உண்டு, அவர்கள் சொல்வது தவறென்று நான் வாதிட மாட்டேன். எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு வேண்டும் என்ற வழக்கமான அளவுகோலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்றாலும் கிரீட்மோர் நானூறு கெஜத்தில் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே 1475-இல் நிற்கிறது, 6.5 பி.ஆர்.சி. அதே இடத்தில் 1800-இல் நிற்கிறது. ஆற்றலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குண்டு சென்று தாக்கும் வேகம். நானூறு கெஜத்தில் 6.5 பி.ஆர்.சி.யில் அது நொடிக்கு 2380 அடி, கிரீட்மோரில் 2155 அடி. வேட்டைக் குண்டு உடலுக்குள் காளான்போல விரிந்தால்தான் நுரையீரலைக் கிழிக்கும். பெரும்பாலான குண்டுகள் அப்படி விரிவதற்கு 1800 அடியாவது வேண்டும், சில முழுச் செம்புக் குண்டுகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உதையில் ஐந்தாறு அடி-பவுண்டு கூடுவதற்கு இந்த இடைவெளி தகும் என்பது என் கணிப்பு. உன் உடல்வாகுக்கும் நீ இதுவரை சுட்டுப் பழகியதற்கும் அதற்கு மேல் தகாது.

குண்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டாவின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் பெட்டிக்குள் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மானைச் சுட்டபோது, .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற வலுவான துப்பாக்கியின் குண்டுகள் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே சிதறின. வேகம் கூடியதே அங்கே வினையானது. அவர் ஊர் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார்; முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. ஆகவே நீ வாங்கும் குண்டு இரண்டு முனைகளிலும் நிற்க வேண்டும்: ஐம்பது கெஜத்தில் மரங்களுக்கிடையே எல்க் திடீரென எதிர்ப்பட்டால் எலும்பில் பட்டுச் சிதறக் கூடாது, நானூறில் விரியாமல் ஊசிபோலக் கடந்துவிடவும் கூடாது. ஈயமும் செம்புறையும் பிரியாமல் பிணைக்கப்பட்ட 140 கிரெயின் அளவிலான குண்டு இவ்விரண்டுக்கும் பொருந்தும். தூர இலக்குப் போட்டிக்கென்று செய்த குண்டை, அது எவ்வளவு துல்லியமாகச் சுட்டாலும், விலங்கின்மேல் சுடாதே.

ரைஃபிளில் நான் முதலில் பார்ப்பது தோளில் பதியும் கட்டையின் நீளம். கடையில் இருப்பவை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல், உயரமான ஆண்களுக்கென்று அளந்தவை. ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள நீ தடித்த குளிர்ச்சட்டையும் அணிந்துகொண்டு அதைத் தோளில் வைத்தால், கழுத்தை நீட்டித்தான் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் பார்க்க முடியும். பார்வை வட்டத்தின் ஓரம் கறுக்கும், உதையும் கன்னத்தில் ஏறும். சாவேஜ் 110 வரிசையில் கட்டையின் நீளத்தையும் கன்னம் படியும் உயரத்தையும் துண்டுகள் மாற்றிச் சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளில், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், விசையும் நன்றாக இருக்கும், ஆனால் கட்டையை வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கலாம். கடைக்குப் போகும்போது வேட்டைக்கு அணியும் சட்டையை அணிந்துகொண்டு போ. கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்கு ஏற்று; திறந்தவுடன் முழு வட்டமும் தெரிந்தால் அதுதான் உன்னுடையது. எடை ஸ்கோப்போடு சேர்த்து எட்டரை பவுண்டு இருக்கட்டும். ஆறு பவுண்டு மலை ரைஃபிள்களைத் தூக்கிப் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு சரிவில் உட்கார்ந்து குறிபார்க்கும்போது அவை நாடித் துடிப்புக்கெல்லாம் ஆடும், உதையையும் கூட்டும்.

குழல்முனையில், வெடிவாயுவைப் பக்கவாட்டில் வெளியேற்றும் பிரேக் என்ற துண்டை மாட்டினால் உதை நன்றாகக் குறையும் என்பது மெய்தான், ஆனால் அது சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி உன் காதையும் உன்னோடு வருபவரின் காதையும் அறையும். காதுக்கவசம் போட நேரமில்லாத ஒரே ஒரு வெடி காலமெல்லாம் காதில் இரையும். குழல்முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் வாங்க அரசின் ஒப்புதல் வேண்டும் என்றாலும் கொலராடோவில் வேட்டைக்கு அனுமதி உண்டு; பொறுமை இருந்தால் அதையே தேர்ந்தெடு.

ஸ்கோப்புக்கு ரைஃபிளின் விலைக்குக் குறையாமல் ஒதுக்கு. பெரிதாக்கும் அளவைப் பார்க்காதே. மேலேயுள்ள திருகைப் பத்து கிளிக் ஏற்றிப் பத்து கிளிக் இறக்கினால் குண்டு பழைய துளைக்கே திரும்புகிறதா என்று சுட்டுப் பார்.

எண்ணூறு கெஜத்துக்கு வருகிறேன். அந்தத் தூரத்தைக் கடக்க வேகமான குண்டுக்கும் ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மேய்கிற எல்க் ஒரு அடி எடுத்துவைக்க அதற்குள் நேரம் இருக்கிறது. நீ விசையை இழுத்தபோது நெஞ்சுக்கூடு இருந்த இடத்தில் குண்டு போய்ச் சேரும்போது வயிறு இருக்கும். எந்தத் தோட்டாவும் இதைச் சரிசெய்யாது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், நெடுந்தூரம் என்பதைக் கெஜக் கணக்கால் அல்லாமல் சுடுபவரின் நோக்கத்தால்தான் வரையறுக்கிறது: எவ்வளவு தூரம் சுட முடியும் என்று பார்ப்பதற்காக, விலங்கு தன்னை அறியவே வாய்ப்பில்லாத இடத்திலிருந்து சுடுவது வேட்டை ஆகாது என்பது அதன் நிலை. நானும் அந்தக் கட்சிதான்.

நானூறு என்று நான் சொன்னதும் நீ நிரூபித்துக் காட்ட வேண்டிய எண்தான். பத்து அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை நட்டு வை. மேசையும் மணல்மூட்டையும் வேண்டாம். முதுகுப்பையைத் தாங்கலாக வைத்துப் படுத்தும், முழங்காலில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தும், கொஞ்ச தூரம் ஓடிவந்து மூச்சிரைக்கவும் சுடு. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டை மட்டும் கணக்கில் எடு, ஏனென்றால் எல்க் உனக்குத் தருவது அந்த ஒன்றைத்தான். அது தவறாமல் தட்டில் விழும் தூரம் முந்நூறு என்றால் உன் எல்லை முந்நூறு. சரிவில் சுடும்போது, தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் நேர்த்தூரத்தை விட்டுவிட்டு, சாய்வைக் கழித்த கிடைத்தூரத்தை வைத்துக்கொள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உன் குழல் 22 அங்குலமாக இருந்தால் வேகம் குறையும், ஆகவே மேலே நான் எழுதிய எண்களும் சற்று இறங்கும். ஒரே உற்பத்தி எண் கொண்ட தோட்டாப் பெட்டிகளாகப் பார்த்துப் பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்தே வாங்கிவிடு. திடலில் வேகமானி வைத்து ஒரு பத்துக் குண்டுகளின் வேகத்தை அளந்து, வேட்டையாடப் போகும் இடத்தின் உயரத்தோடு எனக்கு அனுப்பு. எந்தத் தூரத்துக்கு ஸ்கோப்பின் திருகை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று ஐம்பது கெஜத்துக்கு ஒரு வரியாக அட்டவணை போட்டு அனுப்புகிறேன். அதைக் கட்டையில் ஒட்டிக்கொண்டு, மலைக்குப் போனதும் அங்கேயே ஒருமுறை சுட்டுச் சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா