கட்டைக் குரல்

அன்புள்ள மதுவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டது உனக்கு உறைத்திருக்கும். "39 வயதில், இடுப்பில் குழந்தையோடு, இந்தக் கட்டைக் குரலை வைத்துக்கொண்டு மேடையேறிக் கத்தப் போகிறாயா?" நீ சண்டைகூடப் போடவில்லை. ராத்திரி வை சப்வெர்சா என்கிற அந்த அம்மாவின் பாட்டுகளை மட்டும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டாய்.

முதல் நாள் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். ஒரே இரைச்சல். மூன்றாம் நாள் ரசம் வைக்கும்போது, சரி, ஓடட்டும் என்று விட்டேன். 1979ல் வந்த 'ஹெக்ஸ்' ஆல்பம். கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அவர் குரல் கரகரவென்று அடியில் ஓடுகிறது. தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு முன்னால் போய் நின்று நியாயம் கேட்பாளே ஒருத்தி, அவள் குரல் மாதிரி. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லண்டனில் 1935ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பிரான்சஸ் சோகொலோவ். வை சப்வெர்சா என்பது அவரே வைத்துக்கொண்ட பெயராம். நீ தினமும் நடக்கிற அதே பிரைட்டனில் 1976ல் பாய்சன் கேர்ள்ஸ் என்ற பங்க் குழுவை (ஆவேசமாகக் கத்திப் பாடும் ராக்) தொடங்கியபோது வயது 40ஐத் தொட்டிருந்தது, இரண்டு பிள்ளைகள் வேறு. பெயர்தான் 'கேர்ள்ஸ்', அவரோடு கூட வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்! பங்க் என்றாலே இருபது வயதுப் பையன்கள் என்றிருந்த காலத்தில், தாய்மையையும் வயதாவதையும் பற்றி ஒரு தாயே பாடியிருக்கிறார்.

பிள்ளைகளை என்ன செய்தார் என்றுதான் முதலில் தேடினேன், என் புத்தி அப்படி. அவர்களும் ஃபேட்டல் மைக்ரோப்ஸ் என்ற குழுவில் வாசித்திருக்கிறார்கள், பள்ளிக்கூட வயதில்! 1979ல் அம்மாவின் குழுவும் பிள்ளைகளின் குழுவும் ஒரே ரெக்கார்டில் ஆளுக்கொரு பக்கம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எசெக்ஸ் பக்கம் குடிபோய், கிராஸ் என்ற இன்னொரு பங்க் குழுவோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். 1980ல் இரண்டு குழுவும் சேர்ந்து போட்ட ரெக்கார்டின் பணத்தில் லண்டன் வாப்பிங்கில், அரசே வேண்டாம் என்கிற அனார்கிஸ்டுகளுக்கு ஒரு மையம் திறந்தார்கள். 1982லேயே அதை மூடிவிட்டார்கள். அரசே வேண்டாம் என்கிற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை, மது. என் பென்ஷனை யார் தருவது? ஆனால் போர் வேண்டாம் என்று அவர் பாடும் இடத்தில் எனக்கு எதிர்ப்பேச்சு இல்லை.

அறுபது வயதானபோது, 1995ல், லண்டனில் குழுவைத் திரும்பக் கூட்டி மேடையேறியிருக்கிறார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய் மாலை மாற்றிக்கொண்டு வந்த எங்களுக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. 2016ல் போய்ச் சேர்ந்தபோது வயது 80.

உன்னிடம் சொல்லாத ஒன்று. எட்டாம் வகுப்பில் என்னைப் பிரார்த்தனைப் பாட்டுக்குச் சேர்த்து, இரண்டாம் நாளே டீச்சர், "நீ வாயை மட்டும் அசை" என்றார். குரல் கட்டையாம். அதற்குப் பிறகு தாலாட்டைத் தவிர எதுவும் பாடியதில்லை. அதையும் கேட்டது நீ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அந்த டீச்சர் வேலையை உனக்கு நானே செய்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை நீ பாடும்போது இங்கே நடுராத்திரி தாண்டிவிடும். யாரையாவது ரெக்கார்ட் பண்ணச் சொல். அப்பாவுக்கு அனுப்பாதே, சத்தம் தாங்கமாட்டார். எனக்கு மட்டும் அனுப்பு. குழந்தை காதுக்கு ஏதாவது மாட்டிவிடு.

அன்புடன்,
அம்மா