புகைமூட்டப் படத்தில் புகை இருக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவில் காடுகளும் சதுப்பு நிலங்களும் எரிந்தால் இங்கே சிங்கப்பூரில் வானம் மங்கிவிடும். கூடவே உங்கள் இதழில் வாசகர்களின் படங்களும் அச்சேறத் தொடங்கும். அவற்றில் பல, புகையைத் துடைத்தெடுத்த புகைமூட்டப் படங்கள்! படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், மங்கலைப் போக்கும் டீஹேஸ் ஸ்லைடரை 60, 70 வரை இழுத்துவிடுவதால் வரும் வினை இது.

2013 ஜூன் 21ஆம் தேதி மூன்று மணிநேர பிஎஸ்ஐ (காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு) 401ஐத் தொட்டது. அன்று எடுத்த படத்தில் மரினா பே கட்டடங்கள் பளிச்சென்று நின்றால் அது எந்த நாள் என்று யார் நம்புவார்?

டீஹேஸ், மங்கலான இடத்தில் கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் சேர்த்தே ஏற்றுகிறது. அளவு மீறினால் தூரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், வானம் புள்ளிப்புள்ளியாகும், சென்சாரில் ஒட்டிய தூசிகூடக் கறும்பொட்டாகத் தெரியும். 10 முதல் 20 வரை போதும். அதையும் முன்னால் உள்ள மரம், பாலம், படகுக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) கொடுங்கள்; பின்புலத்தைத் தொடவேண்டாம். கருமையை மாற்றும் பிளாக்ஸ் ஸ்லைடரைச் சற்று இறக்கினாலே முன்பக்கம் எடுப்பாகிவிடும்.

நிறம் கெடுவது பெரும்பாலும் எடுக்கும்போதே. கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ், புகையின் மஞ்சளைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். அதை டேலைட்டில் வைத்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுப்பதே நல்லது. மூடுபனியும் புகையும் ஒன்றல்ல. காலையில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின்மேல் படியும் மூடுபனி வெண்மையானது. அதன் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். புகைத்துகள் மிகச் சிறியது, நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும். அதனால்தான் சூரியன் சிவக்கிறது.

வெண்மூட்டம் படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி, ஒளியளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த சூரியன் படத்துக்குள் இருந்தால் அது வெளுக்காதபடி குறைக்கத்தான் வேண்டும். ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடினால், திரையில் ஒரு கட்டட விளிம்பைப் பெரிதாக்கிக் கையால் சரிசெய்யலாம்.

லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர், மெல்லிய மூட்டத்தில், சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பினால் உதவும். அடர்ந்த புகையில் ஒன்றுக்கும் உதவாது. 1 முதல் 2 ஸ்டாப் ஒளிதான் நட்டம். யூவி ஃபில்டர் புகையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்துங்கள்.

ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். படத்தின்கீழ் வட்டாரம், எடுத்த மணி, அந்த மணிக்குத் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிட்ட பிஎம்2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். 24 மணிநேர பிஎஸ்ஐ சராசரிக் கணக்கு. படம் பிடித்த நேரத்து மூட்டத்தை அது காட்டாது.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்