மூன்று பேருக்கு ஓர் உலை

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நீயும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சியாட்டிலில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்துக் கண்ணாடிச் சிற்பப் பட்டறை போடப்போகிறீர்கள் என்று படித்தேன். அம்மா வேண்டாம் என்பாள் என்று தம்பியிடம் சொன்னாயாமே? நான் ஏன் வேண்டாம் என்கிறேன்! ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவள் நான். கூட்டு என்று காதில் விழுந்தாலே யாருக்கு என்ன பங்கு என்றுதான் கேட்கத் தோன்றும்.

நீ சொன்ன செக் நாட்டுத் தம்பதி, லிபென்ஸ்கி, பிரிஹ்தோவா, இருவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். கணவர் லிபென்ஸ்கி 1954இல் ஜெலெஸ்னி பிரோத் ஊரின் கண்ணாடிப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர். அந்தம்மா அந்த ஊர்க்காரர், அவர் வருமுன்பே கண்ணாடி வார்ப்பில் கை தேர்ந்தவர். லிபென்ஸ்கி வரைந்து கொடுப்பார். அந்தம்மா அதைக் களிமண்ணில் உருவமாக்குவார். அப்புறம் பிளாஸ்டர் அச்சு, அதில் கண்ணாடியை உருக்கி வார்ப்பது, மெல்ல மெல்ல ஆறவிடுவது. பெரிய சிற்பம் என்றால் ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆகுமாமே, அவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது?

என் கண்ணில் பட்டது வேறு. படைப்புகள் இருவர் பெயரிலும் வெளிவந்தன. வம்பும் அப்படியே. 1968இல் தங்கள் நாட்டுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததை மனதில் வைத்து, 1970 ஒசாகா கண்காட்சிக்காகச் செய்த, ஆறு போன்ற கண்ணாடிச் சிற்பத்தில் பூட்ஸ் தடங்களைப் பதித்தார்கள். அதிகாரிகள் அவற்றை நீக்க வைத்தார்கள். அந்தக் கோபம் இருவர் மேலும்தான் விழுந்தது.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி வேறு விதம். 1976 கார் விபத்தில் ஒரு கண் போயிற்று. பிறகு தோளிலும் அடிபட்டு, கண்ணாடி ஊதுவதைக் குழுவிடம் விட்டுவிட்டு வரைந்து கொடுக்கத் தொடங்கினார். பல கைகள் செய்தாலும் பெயர் அவருடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு வருகிறவனுக்கு அது முதல் நாளே தெரியும்.

நீங்கள் மூவரும் இதில் எந்த வழி? ஒருத்தர் வரைந்து இன்னொருத்தர் வார்த்தால் அடியில் யார் பெயர்? முதல் சிற்பம் விற்பதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். விற்ற பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

அடுத்தது உலை. 1,100 டிகிரி செல்சியஸில் இரவு பகலாக எரிய வேண்டும், சும்மா சும்மா அணைத்தால் உள்ளே கண்ணாடி உருகும் பாத்திரமான மூசை விரிசல் விட்டுவிடும் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் ஒன்றுமே விற்காத மாதத்திலும் கேஸ் பில் வரும். அதை மூன்றாகப் பிரிப்பதா, உலையை அதிகம் பயன்படுத்துகிறவர் கூடுதலாகத் தருவதா? நடுவில் ஒருத்தர் விலகினால் அவர் போட்ட பணத்தை எத்தனை மாதத்தில் திருப்புவீர்கள்? சங்கங்கள் உடைவது பெரிய சண்டையால் இல்லை, இந்த மாதிரி பில்லால்தான். நான் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்குப் பிளாஸ்டரோடு சிலிக்கா பொடி கலப்பீர்களே, அப்போது நல்ல மாஸ்க் போட்டுக்கொள். துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்காதே. அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும்.

உன் பங்குக்கு நானும் அப்பாவும் தரும் பணத்தை அன்பளிப்பு என்று எழுதாதே, கடன் என்றே எழுது. ஒப்பந்தம் தயாரானதும் ஒரு நகல் அனுப்பு. ஆங்கிலம் பக்கம் பக்கமாக இருந்தால் அப்பா படிக்கட்டும், தொகைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா