உலாவி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அன்புள்ள செல்வம்,

அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள், விடுதிச் சாப்பாட்டைத் திட்டியபடி.

உன் பாரம்பரிய நெல் இணையதள விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவருக்குத் தமிழ் வேண்டுமா ஆங்கிலம் வேண்டுமா என்று தளத்துக்கே தெரியுமா என்று கேட்டாயே, ஓரளவு தெரியும். பக்கம் கேட்கும்போதே குரோம் மாதிரியான உலாவி 'அக்செப்ட்-லாங்குவேஜ்' என்று ஒரு வரி அனுப்பும்; எந்த மொழி எவ்வளவு வேண்டும் என்று 0 முதல் 1 வரை மதிப்புப் போட்டு. பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியில் 'மல்டிவியூஸ்' வசதியைத் திறந்து, கோப்பின் பெயரோடு ta, en மாதிரி மொழிக்குறியைச் சேர்த்து வைத்தால், மதிப்பு அதிகமுள்ள மொழியை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் தளம் வெகுகாலமாக நடப்பது இப்படித்தான்.

நம் ஊருக்கு அது அப்படியே சரிப்படாது. வாட்ஸப்பில் நாளெல்லாம் தமிழில் எழுதுகிற விவசாயியின் போனும் வாங்கின நாள் முதல் ஆங்கிலத்திலேயே இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா விதை கேட்டு வருகிறவருக்கு ஆங்கிலப் பக்கம் நீட்டினால் அவர் அப்படியே போய்விடுவார். அதனால் ஒன்று செய். அந்த வரியில் தமிழ் எந்த இடத்தில் இருந்தாலும், ஆங்கிலத்துக்குப் பின்னால் இருந்தாலும், தமிழையே கொடு. தற்செயலாக யாரும் தமிழைச் சேர்ப்பதில்லை. ஆங்கிலம் மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. முகப்பில் இரண்டையும் காட்டி அவரையே கேள். அப்பாச்சியின் கணக்கு இதற்கு ஒத்துவராது, நாலு வரி நிரல் வேண்டும். எழுதி அனுப்புகிறேன்.

முகப்பைத் தாண்டினால் உலாவியைக் கேட்கவே வேண்டாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி முகவரி வை. கூகுளின் தேடுபொறி அந்த வரியை அனுப்பாமல்தான் வருகிறது. ஒரே முகவரியில் இரண்டு மொழியும் இருந்தால் அதன் கண்ணில் ஒன்றுதான் படும். மொழி மாற்றும் சுட்டி அதே நெல்லின் பக்கத்துக்குப் போகவேண்டும். முகப்புக்குத் துரத்தும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தச் சுட்டிக்குக் கொடிப் படம் போடாதே. தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவாய்?

கருப்புக் கவுனிக்கு ஆங்கிலப் பக்கம் இன்னும் எழுதவில்லை என்றாய். அதுவரை அங்கே சுட்டியே வேண்டாம். உன் தங்கை எழுதித் தருவாளா? கேட்டுச் சொல்.

அன்புடன்,
ராமு