முதலில் சாலையைக் கடக்க விடுங்கள்: ராயபுரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வடசென்னைக் கடற்கரையை அழகுபடுத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அண்மையில் எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். திரையில் நீங்கள் காட்டிய படங்கள் அழகாகவே இருந்தன. அலங்கார விளக்குகள், கருங்கல் இருக்கைகள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய மீன் சிலை என்று எல்லாம் இருந்தன. ராயபுரத்திலிருந்து வடக்கே நீளும் எங்கள் கரையைப் பற்றி, 'பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லாத கரை' என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்ட மீன் விற்கும் அம்மா ஒருவர் எழுந்து, "ரோட்டைத் தாண்டி அங்க எப்டி சார் போறது?" என்று கேட்டார். அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் வராததால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கும் சிலையும் பிறகு வரட்டும். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே புகுந்து போக வேண்டியிராதபடி, கடலோரச் சாலையைத் தரைமட்டத்திலேயே கடக்கச் சிக்னலுடன் கூடிய நடைவழிகளை அமைத்துத் தாருங்கள். அந்த இடங்களில் பாறைகளுக்கு இடையே தண்ணீர் வரை இறங்கப் படிகளும் கட்டித் தாருங்கள்.

பயன்பாட்டில் இல்லாத கரை என்ற சொற்களை எழுதியவருக்கு, அந்தக் கரையை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் தந்தையார் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத் தொழிலாளர்களுக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பெயர் பதிவானவர்களுக்கு ஓரளவு நிலையான வேலை கிடைத்திருந்தாலும், பதிவு கிடைக்காதவர்கள் விடியற்காலையில் கேட்டருகே நின்று மேஸ்திரியின் கண்ணில் படுவதற்காகக் காத்திருந்ததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கப்பலில் என்ன சரக்கு இறங்கியது என்பது நைனாவின் சட்டையிலேயே தெரிந்துவிடும். மஞ்சள் படிந்திருந்தால் கந்தகம். கண் சிவந்து நீர் வடிய உட்கார்ந்திருப்பார், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கறுத்திருந்தால் நிலக்கரி. வெளுத்த தூசி என்றால் அமெரிக்கக் கோதுமை. 1960-களின் நடுவில் அது கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில், கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்தியதைப் பெண்கள் கூட்டி அள்ளி, புடைத்து, படி கணக்கில் விற்றார்கள். எங்கள் வீட்டில் நாள் தவறாமல் கோதுமைச் சோறுதான். அரிசிச் சோறு கேட்டு அழுத தம்பிக்கு அம்மாவிடம் அடி விழுந்தது.

எந்தச் சரக்கானாலும் அவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்ததில்லை. நேராகக் கடலுக்குப் போய், முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து, மணலால் உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு தெருக்குழாயடியில் ஒரு குடம் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்வார். ஒரே குழாயை நம்பி அத்தனை ஒண்டுக்குடித்தனங்கள் இருந்த தெருவில், ஒரு ஆளுக்கு ஒரு குடத்துக்கு மேல் கேட்பது நியாயமில்லை என்பது எழுதப்படாத சட்டம். அந்த நாளில் கடல் இல்லாதிருந்தால், கந்தகமும் கரியும் எங்கள் பாய் வரைக்கும் வந்திருக்கும்.

அப்போதும் அது குறுகலான மணல்தான். ஆனாலும் கட்டுமரங்களை இழுத்துப் போட இடம் இருந்தது. கரைவலை இழுக்கும்போது பிள்ளைகள் நாங்களும் கயிற்றில் தொங்கினால், கூலியாக இரண்டு கை காரப்பொடி மீன் கிடைக்கும். ஒரு பக்கம் நெத்திலி காயும், இன்னொரு பக்கம் ஹார்பர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் கால்பந்து நடக்கும். பந்து கருவாட்டில் விழுந்தால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. கத்திரி வெயில் காலத்தில் ஆண்கள் பலர் இரவில் மணலில்தான் படுப்பார்கள். மாலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள்; ஒரே அறையில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்த வீடுகளில், ஒரு மருமகள் மனம்விட்டுப் பேச வேறு இடம் கிடையாது. விடியலுக்கு முன் அதே மணல் கழிப்பிடமாகவும் இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. தெருவுக்குப் பொதுக் கழிப்பிடம் ஏன் வரவில்லை என்பதை இன்னொரு மடலில் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த மணல் எங்கே போனது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதும் அங்கும் இங்கும் தள்ளினாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. 1870-களில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றை உடைத்த பிறகும் விடாமல் எழுப்பினார்கள். அந்தச் சுவர்களின் தென்புறத்தில் தடுக்கப்பட்ட மணல் குவிந்து குவிந்து இன்றைய மெரினாவின் அகலம் ஆயிற்று. வடபுறத்துக்கு வந்து சேர வேண்டிய மணல் வராததால், ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையை அரிக்கத் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் சில தெருக்களையும் வீடுகளையும் எடுத்துக்கொண்டது. நகரத்தார் விடுமுறை நாளில் சுண்டல் தின்னும் மணலில் எங்களுக்கு வர வேண்டிய பங்கும் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு நாங்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். இருக்கிற கடலுக்குப் போக வழி கேட்கிறோம்.

அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினீர்கள். அது வேண்டியதுதான், இல்லாவிட்டால் இந்த மடல் எழுதும் வீடும் இருந்திருக்காது. பாறைகளை ஒட்டிச் சாலை அகலமானது. 1983-இல் துறைமுகத்துக்குத் தனியாகக் கன்டெய்னர் முனையம் வந்தது. பல குழுக்கள் நாள்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கிய சரக்கை, கிரேன் பெட்டி பெட்டியாகத் தூக்கி லாரியில் வைக்கத் தொடங்கியது. சுமை குறைந்ததில் நைனாவுக்கு மகிழ்ச்சிதான். அவருடைய முதுகுக்கு அது பத்து ஆண்டு தாமதமாக வந்தது, அவ்வளவே. ஆனால் உள்ளே குறைந்த நெரிசல் வெளியே சாலைக்கு வந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், மணிக்கணக்கில், சில நேரங்களில் இரவு பகலாக நிற்கின்றன. ஓட்டுநர்களின் மேல் எனக்குக் கோபமில்லை. சோறு, தண்ணீர், கழிப்பிடம் எதுவும் இல்லாமல் அந்த வெயிலில் அவர்களும்தான் நிற்கிறார்கள்.

இந்தச் சாலையைக் கடப்பது என்றால் என்ன என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்ல அனுமதியுங்கள். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி காலமானார். ஹார்பர் தொழிலாளி ஒருவரின் மனைவி, எனக்குச் சிறு வயதில் பிட்டு வாங்கிக் கொடுத்தவர். 16-ஆம் நாள் காரியத்துக்குக் கடலுக்குப் போனோம். நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. மகன் கையில் கலசத்தோடு முதலில் நுழைந்தார், மற்றவர்கள் பின்னால் போனோம். பாதிப் பேர் நுழைந்த நேரத்தில் பின்னால் நின்ற லாரியின் எஞ்சின் உறுமியது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு பம்பருக்குக் கீழே நிற்கும் தலைகள் தெரியாது. கிளீனர் பையன் பார்த்துக் கதவைத் தட்டிக் கத்தியதால் வண்டி நின்றது.

அதற்குள் இறந்தவரின் தங்கை, எழுபதைத் தாண்டியவர், முழங்கால் மடங்காதவர், எப்படியோ சாலையின் நடுத்திட்டு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார். எதிர்ப் பக்கத்தில் வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் தன்னால் முடியாது, நீங்கள் போய் முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் பாறைகளின் மேல் தவழ்ந்து இறங்கிக் கரைத்துவிட்டுத் திரும்பி வரும் வரை, டீசல் புகையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சிமெண்டுத் திட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அக்காளும் தங்கையும் எத்தனையோ மாலைப் பொழுதுகள் சேர்ந்து உட்கார்ந்திருந்த கடல் அது. அக்காளை வழியனுப்ப அவரால் அதன் அருகே போக முடியவில்லை. அந்த அம்மாவின் கணக்கில் இது எந்தக் கட்டத்தில் பரிசீலிக்கப்பட வேண்டியது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பறக்கும் சாலை வந்தால் லாரிகள் மேலே போய்விடும், பொறுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரைக்குமான அந்த உயர்நிலைச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நாட்டுவதில் நம் நாட்டுக்கு உள்ள தேர்ச்சியைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. நிலக்கரித் தூசியைப் பற்றியும் இப்படித்தான் பொறுங்கள் என்றார்கள். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்தில் திரும்பி வந்த காலம் முழுவதும் பொறுத்தோம். 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் கரி கையாள்வது நின்றது. நின்றதும் எங்கே போயிற்று என்றால், இன்னும் வடக்கே, எண்ணூருக்கு. வடக்கே தள்ளிவிடுவது என்பது இந்த நகரம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் தீர்வு. அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, குப்பைக் கிடங்கு என்று எங்களை நோக்கி வராதது பூங்கா மட்டும்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அதுவும் வருகிறது, நன்றி. ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவே லாரி வரிசையை வைத்துவிட்டு வருகிறது.

சூடாகப் பேசிவிட்டேன், உங்களில் பலர் இந்தப் பொறுப்புக்கு அண்மையில் வந்தவர்கள், நூறாண்டுக் கணக்கை உங்களிடம் தீர்த்துக்கொள்வது முறையல்ல. நல்லது செய்ய முடியும் என்பதற்கும் இந்த நகரிலேயே சான்று உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலையருகே போகட்டும் என்று 2022-இல் மெரினாவில் மரப்பாதை அமைத்தார்கள். செய்தியைப் பார்த்து மனம் நிறைந்தது. அதே மனத்தோடு எங்கள் சாலையையும் பாருங்கள் என்பதே என் கோரிக்கை.

நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். தலையில் அன்னக்கூடையோடு போகிற பெண்ணும், முழங்கால் தேய்ந்த ஹார்பர் கிழவனும் அத்தனை படி ஏற மாட்டார்கள். மின்தூக்கி வைத்தால் அது திறப்பு விழாவன்று வேலை செய்யும். தரைமட்டத்தில் சிக்னல், அந்த இடத்தில் லாரி நிற்கக் கூடாது என்று சாலையில் மஞ்சள் கட்டம், அதை மதிக்க வைக்க ஒரு போக்குவரத்துக் காவலர், எதிரே பாறைகளுக்கு நடுவே கைப்பிடியுடன் படிகள். உங்கள் மீன் சிலைக்கு ஆகும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது என்று நினைக்கிறேன். எங்கெங்கே வேண்டும் என்பதை நீங்கள் ஆய்வு செய்து கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. நடுத்திட்டில் எங்கெங்கே சிமெண்டு தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதோ அங்கெல்லாம் ஜனங்கள் ஏறிக் கடக்கிறார்கள் என்று பொருள்.

வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன்பு, ஒரு மாலை ஐந்து மணி அளவில், லாரி வரிசை நிற்கும் நேரத்தில், உங்களில் சிலராவது இங்கே வந்து எங்களோடு சாலையைக் கடந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்; சொன்னால் வரிசை காணாமல் போய்விடும். முதல் கட்டத்திலேயே நடைவழியும் படிகளும் சேர்க்கப்படுமா, படாதா என்பதை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். பதிலைத் தமிழிலேயே அனுப்பினால் உதவியாக இருக்கும். கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு நான் அதை மீன் கடையிலேயே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
ராயபுரத்தில் பிறந்து, இன்றும் ராயபுரத்திலேயே குடியிருக்கும்
ஹார்பர் தொழிலாளியின் மகன்