பனிக்காலக் கைகழுவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

உதகை, குந்தா பகுதிகளில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது பள்ளிக் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். காலை உணவுக்கு உட்காரும் சிறு பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு பரவ அதுவே போதும்.

பச்சைத் தண்ணீரிலும் சோப்பு போட்டு 20 நொடி தேய்த்தால் கிருமி போய்விடும். ஆனால் கை விறைத்த குழந்தை 20 நொடி நிற்காது. சமையல் கூடத்தில் கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் வெதுவெதுப்பாகிவிடும். குழாய் வைத்த வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே சுடுதண்ணீர். நன்றாகக் கலக்கி, பெரியவர் ஒருவர் மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் பிள்ளைகளை அருகில் விடவே கூடாது. கட்டைவிரலும் நக இடுக்கும்தான் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டு என்றால் கழுவியதே வீண்.

இன்னொன்று, குளிருக்காகக் கரி மூட்டி வகுப்பறைக் கதவைச் சாத்தவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும், உயிரையே பறிக்கும்.

வாளி, சோப்புக்கான ஏற்பாட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் நவம்பரிலேயே முடித்துவிட வேண்டும்.

– வாசகர், கோத்தகிரி