ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கும் முன் ஊசியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகள் மீண்டும் வீடுகளுக்கு வருவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்குச் செலவிடும் அளவு பணத்தை, ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற பெட்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மன்னார்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மைக் செட் கட்டிப் பிழைத்தவன் நான். அந்த யோசனையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்ன விலை என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த ஊசிக்காக வாங்குகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும். கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை.

"மாமா, நீங்கள் இப்படி ஒரு பெட்டி இல்லாமல்தானே ஊருக்கே பாட்டுப் போட்டீர்கள்?" என்று என் தங்கை மகன் கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் ரிக்கார்டு பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம். அதிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரும். நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தென்னைமரத்தில் கட்டிய குழாய் நாலு தெருவுக்குப் பாடும். ஊசி கனமாக அழுத்தும், தட்டு தேயும்; பந்தலில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? இன்றைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் இருப்பது மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ். ஊசித் தண்டின் மறுமுனையில் உள்ள சிறு காந்தம் ஆட, அருகிலுள்ள கம்பிச் சுருளில் 3 முதல் 5 மில்லிவோல்ட் பிறக்கும். அதை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபயருக்கு உறைக்கும். காந்தத்துக்குப் பதில் சுருளே ஆடும் மூவிங் காயில் வகையில் பல 0.5 மில்லிவோல்ட்டைத் தாண்டுவதில்லை. அவற்றுக்கு 1000 மடங்கு வேண்டும். மூவிங் மேக்னெட்டுக்கு மூவிங் காயிலுக்கான பெட்டியை வாங்கி மாட்டினால், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் ஒலி பிளந்துதான் வரும்.

பெருக்குவதோடு அந்தப் பெட்டியின் வேலை முடிவதில்லை. தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அமுக்கியும் உயர்ந்த ஒலிகளைத் தூக்கியும்தான் பதிகிறார்கள். அமுக்காவிட்டால் தடம் அகன்று ஆடி, தட்டில் இடம் போதாமல் போகும். தூக்காவிட்டால் மெல்லிய ஒலிகள் உராய்வு இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இந்தக் கணக்கை 1954-இல், அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ-வின் பெயரில் பொதுவாக்கினார்கள். ப்ரீஆம்ப் அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. அதனால் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏழு மடங்கு கூடுதலாகப் பெருகும். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எர்த் சரியில்லாத வீட்டில் 'உம்' என்ற மின்சார இரைச்சலான ஹம்மிங் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பது விளங்கும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை. மின்சார ஹம்மிங்கில் 100 ஹெர்ட்ஸும் கலந்திருக்கும். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தி ஒலிப்பது 98 ஹெர்ட்ஸில். இரண்டும் ஒன்றோடொன்று உரசி, சுருதி சேராத தம்புராவைப் போல அலையும். மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் கலங்கிவிடும். பாடகியைக் குறை சொல்வதற்கு முன், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயர் ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலேயே ப்ரீஆம்பை வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். இதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். நகரத்துக் கடை ஒன்றில் வால்வு போட்ட ப்ரீஆம்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். போட்ட பாட்டெல்லாம் கரகரத்தது, தாழ்ந்த ஒலி குமுறியது. போய்ப் பார்த்தேன். அவருடைய டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருந்தது. பின்பக்க சுவிட்ச் 'லைன்' நிலையில் இருந்தது. ஏற்கனவே பெருக்கித் திருத்திய ஒலியை இன்னொரு முறை பெருக்கித் திருத்தினால் வேறென்ன வரும்? சுவிட்சை 'ஃபோனோ'வுக்குத் தள்ளியதும் பாட்டு தெளிந்தது. அந்தச் சுவிட்ச் உண்டா என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீச்சருக்கு அந்தப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

பலர் கவனிக்காத இன்னொன்று பிக்கோஃபாரட், அதாவது கார்ட்ரிட்ஜோடு சேரும் மின்தேக்குத் திறனின் அளவு. ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 150 முதல் 300 வரை என்றும், ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 100 முதல் 200 வரை என்றும் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ப்ரீஆம்புக்குள் இருப்பது மட்டுமல்ல, ஒயரும் இந்தக் கணக்கில் சேரும். நீளமான மலிவு ஒயரைப் போட்டால் உயர்ந்த ஒலி ஓரிடத்தில் துருத்தி, அதற்கு மேல் மங்கிவிடும். ஆகவே மூவிங் மேக்னெட் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது: 47 கிலோ ஓம் உள்ளீடு, பிக்கோஃபாரட்டை மாற்ற ஒரு சுவிட்ச், வளைந்த தட்டுக்கு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) குதிக்காமல் தடுக்கும் வடிகட்டி, இவை இருந்தால் போதும். உள்ளே ஒலியைப் பெருக்குவது சாதாரண 5532 ஐசி (சில்லு) என்று முகம் சுளிக்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஊசி வாங்குங்கள்.

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அப்பா கொண்டுவந்த பழைய சான்சுய், பயனியர் ஆம்ப்ளிஃபயர் பரணில் கிடக்கிறதா? பின்னால் 'ஃபோனோ' என்று எழுதிய துளைகள் இருந்தால் ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. பழுது பார்த்துப் பயன்படுத்துங்கள். ஆனால் பாகவதர் காலத்து 78 சுழற்சித் தட்டுகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றின் தடம் அகலம், ஊசி வேறு, பதிவுக் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கடைக்குப் போகிறவர்கள் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்வதற்கு முன், ஊசியைத் தட்டில் வைக்காமலேயே ஒலியளவை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று கேட்கும்போதே ஹம்மிங் வந்தால், வேறு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
மன்னார்குடி.